ஒரு லேபிள் 40 ஆகும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

வடசென்னையில் மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து டிடிபி கடைகளில் புதிதாக வரைகிற வேலை கொஞ்சம்தான். வரைந்த ஒன்றைப் பலவாக்கி ஷீட்டை நிரப்புகிற வேலைதான் அதிகம். காசிமேட்டுக் கருவாட்டுப் பாக்கெட்டுக்கு லேபிள், எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்கு விலை அட்டை, வியாசர்பாடி கால்பந்துப் போட்டிக்கு ஸ்டிக்கர், முகூர்த்த நாள் நெருங்கினால் தாம்பூலப் பைக்கு ஒட்டும் சீட்டு, வருஷம் முழுக்க பாஸ்போர்ட் போட்டோ. கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி என்று ஒவ்வொன்றாக ஒட்டி, கண்ணால் பார்த்து வரிசையாக்கிக்கொண்டு உட்காரும் பிள்ளைகளை இன்றைக்கும் பார்க்கிறேன். அதில் நேரம் போவது ஒரு பக்கம். பிசகு என்னவென்று கட்டிங் மெஷினுக்குப் போன பிறகுதான் தெரியும், அதற்குள் பேப்பர் காசு போயிருக்கும்.

கீழே ஒவ்வொரு கோளாறும் திரையிலோ ஷீட்டிலோ எப்படித் தெரியுமோ அப்படியே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்திருப்பது எதுவோ அங்கே நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஷீட்டில் இருக்கும் 40 லேபிளும் 40 தனித்தனிப் பொருள்களா, அல்லது ஒரே பொருள் 40 இடத்தில் தெரிகிறதா? சாதாரணக் காப்பி முதல் வகை. இன்க்ஸ்கேப்பின் குளோன், கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டரின் சிம்பல், போட்டோஷாப்பின் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எல்லாம் இரண்டாவது வகை; அசலைத் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும். கீழே வரும் கோளாறுகளில் பெரியவை எல்லாம், இரண்டாவது வகையில் செய்ய வேண்டியதை முதல் வகையில் செய்வதால் வருபவை.

கணக்குக்கு ஒரு ஜாப் எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. சதுர லேபிள், நடுவில் 4 மி.மீ. இடைவெளி, 12×18 அங்குல ஷீட். மி.மீட்டரில் அந்த ஷீட் 304.8 × 457.2. குறுக்கே 5 லேபிள் வைத்தால் 250, நான்கு இடைவெளிக்கு 16, மொத்தம் 266. நெடுக்கே 8 வைத்தால் 400, ஏழு இடைவெளிக்கு 28, மொத்தம் 428. ஆக 40 லேபிள். இரண்டு பக்கமும் 19.4, மேலேயும் கீழேயும் 14.6 மி.மீ. வீதம் மிச்சம். இந்தக் கணக்கைத் துண்டுச்சீட்டில் போட்ட பிறகு மவுஸைத் தொடுவது நல்லது.

காப்பி சாய்வாக ஓடுகிறது, அல்லது வந்ததே தெரியவில்லை

கன்ட்ரோல் டி எல்லா சாஃப்ட்வேரிலும் ஒரே வேலையைச் செய்யாது. கோரல்டிராவில் அது டூப்ளிகேட். இல்லஸ்ட்ரேட்டரில் கடைசியாகச் செய்த நகர்த்தலைத் திரும்பச் செய்வது. போட்டோஷாப்பில் செலக்‌ஷனை எடுத்துவிடும். இன்டிசைனில் படம் கொண்டுவரும் பெட்டி திறக்கும். இன்க்ஸ்கேப்பில் டூப்ளிகேட்தான், ஆனால் காப்பி அசலின் மேலேயே உட்காரும். வரவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்தினால் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்துவிடும்.

கோரலில் காப்பி சாய்வாக விழுவதற்குக் காரணம், டூப்ளிகேட் தூரம் என்று ஓர் அளவு ஏற்கெனவே பதிந்திருப்பது. எதையும் செலக்ட் செய்யாமல் மேலே உள்ள பிராப்பர்ட்டி பாரைப் பார்த்தால் அந்த இரண்டு எண்கள் இருக்கும், மாற்றிக்கொள்ளலாம். நம் கடைகளில் பழகிய வழி வேறு: கன்ட்ரோலைப் பிடித்தபடி இடது பட்டனால் நேராக இழுத்து, விடுவதற்கு முன் வலது பட்டனை ஒரு தட்டு தட்டிக் காப்பியை இறக்கிவிட்டு, பிறகு கன்ட்ரோல் ஆர். ஒவ்வொரு ஆருக்கும் அதே தூரத்தில் ஒரு காப்பி வரும். இல்லஸ்ட்ரேட்டரில் ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் பிடித்து இழுத்துவிட்டுக் கன்ட்ரோல் டி. போட்டோஷாப்பில் முதல் காப்பிக்குக் கன்ட்ரோல் ஆல்ட் டி, அடுத்தடுத்தவற்றுக்குக் கன்ட்ரோல் ஆல்ட் ஷிஃப்ட் டி. போட்டோஷாப்பின் இந்த இரண்டிலும் வருவது டிரான்ஸ்ஃபார்முக்கான டி (T).

நாலைந்து காப்பிக்கு இது போதும். 40 வேண்டுமென்றால், எண்ணிக்கையும் தூரமும் கொடுத்தால் காப்பிகளை வரிசையாகப் போட்டுத்தரும் ஸ்டெப் அண்ட் ரிப்பீட்டுக்குப் போங்கள். கோரலில் கன்ட்ரோல் ஷிஃப்ட் டி, இன்டிசைனில் கன்ட்ரோல் ஆல்ட் யு.

ஒரு வரிசை கூடுகிறது, அல்லது ஒன்று குறைகிறது

கோரலின் ஸ்டெப் அண்ட் ரிப்பீட் கேட்பது காப்பிகளின் எண்ணிக்கையை. அசல் அதில் சேராது. நம் ஜாபில் குறுக்கே 5 வேண்டுமென்றால் 4 என்று கொடுக்க வேண்டும். அந்த ஐந்தையும் குரூப் செய்துவிட்டுக் கீழ்நோக்கி 7. இன்டிசைனில் கிரிட் டிக்கை எடுத்துவிட்டால் இதே கணக்கு. டிக் போட்டால் அசலும் சேர்ந்துவிடும், அப்போது 8 வரிசை, 5 பத்தி என்று அப்படியே கொடுக்கலாம்.

இடைவெளி நினைத்த மாதிரி வரவில்லை

4 கொடுத்தும் லேபிள்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால், 4 மி.மீ. என்பதை ஆஃப்செட் பெட்டியில் கொடுத்திருக்கிறீர்கள். ஆஃப்செட் என்பது ஒன்றின் இடத்திலிருந்து அடுத்ததன் இடத்துக்கு உள்ள தூரம்; அங்கே 54 கொடுக்க வேண்டும். கோரலில் அதே பெட்டியை விரித்தால் பொருள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கேட்கும் தேர்வும் இருக்கிறது, அதில்தான் 4. இன்டிசைன் கேட்பது ஆஃப்செட் மட்டுமே. இன்க்ஸ்கேப்பின் டைல்டு குளோனில் (அசலை வரிசையும் பத்தியுமாகக் குளோன் செய்யும் கருவி) தள்ளும் அளவு லேபிள் அகலத்தில் சதவீதமாகக் கேட்கப்படும். 50-க்கு 4 என்றால் 8 சதவீதம்.

எண் சரியாக இருந்தும் இடைவெளி அதிகமாக வந்தால் சந்தேகம் லேபிளின் மேல்தான். குரூப்புக்குள் எங்கோ ஒரு வெள்ளைக் கட்டமோ, மறந்துபோன ஒரு புள்ளியோ, காலி டெக்ஸ்ட்டோ ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குரூப்பின் அகலத்தைக் கூட்டும். கோரலில் ஒயர்ஃப்ரேம் பார்வைக்கும், இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஒய் அழுத்தி அவுட்லைன் பார்வைக்கும் மாறினால் பிடிபட்டுவிடும். அவுட்லைன் தடிமனையும் கவனியுங்கள். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்க்ஸ்கேப்பிலும் கோட்டின் தடிமனைச் சேர்த்து அளப்பதா, சேர்க்காமல் அளப்பதா என்பதற்கு பிரிஃபரன்ஸில் இடம் உண்டு. வேலை செய்யும் எல்லா சிஸ்டத்திலும் அது ஒன்றாக இருக்கட்டும்.

பிளாட்டர் ஒரே கோட்டை இரண்டு தடவை வெட்டுகிறது

ஸ்டிக்கரை மட்டும் வெட்டி அடித்தாளை விட்டுவைக்கும் ஹாஃப் கட்டில் இது பெரிய தொல்லை. பிளேடு இரண்டாம் முறை அதே தடத்தில் போகும்போது அடித்தாளும் அறுபட்டு, லேபிள் மெஷினுக்குள்ளேயே உரிந்துவிடும். பிளேடின் அழுத்தத்தைக் குறைத்துப் பார்ப்பதற்கு முன் ஃபைலைப் பாருங்கள். அனேகமாக இரண்டு கட்டிங் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். கோரலில் பிளஸ் கீயைத் தட்டினால் காப்பி அதே இடத்தில் விழும்; தெரியாமல் கை பட்டாலும் விழும்.

கண்டுபிடிக்க எளிய வழி எண்ணுவது. எல்லா லேபிளையும் செலக்ட் செய்யுங்கள், கீழே ஸ்டேட்டஸ் பாரில் எத்தனை பொருள் என்று எண் வரும். ஒரு லேபிள் ஒரு குரூப்பாக இருந்தால் 40 வர வேண்டும். 41 வந்தால் ஒன்று ஒளிந்திருக்கிறது, டேப் கீயை அழுத்தி ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

இன்க்ஸ்கேப்பில் டைல்டு குளோன் செய்கிறவர்களுக்கு இது யார் தவறும் இல்லாமலே வரும். கட்டத்தின் முதல் குளோன் அசலின் மேலேயே உட்காருவதுதான் அந்தக் கருவியின் இயல்பு. அதனால் குளோன்கள் 40, அசல் ஒன்று, மொத்தம் 41. முதல் இடத்தில் கிளிக் செய்தால் மேலே இருக்கும் குளோன்தான் செலக்ட் ஆகும், அதை அழித்துவிடுங்கள். அசலை அழிக்காதீர்கள், மற்ற 39-ம் அதைப் பார்த்துத்தான் இருக்கின்றன.

சிஸ்டம் நிற்கிறது, ஃபைல் வீங்குகிறது

ரேம் போதவில்லை, புதிதாக வாங்கலாம் என்று ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். கருவாட்டு லேபிளுக்குக் கடைக்காரர் போனில் எடுத்த படம் 12 மெகாபிக்சல், அதாவது 4000 × 3000 பிக்சல். ஜேபெக் ஃபைலாக 3 எம்பி இருக்கலாம். ஆனால் திரையில் காட்ட அதை விரிக்கும்போது பிக்சலுக்கு 3 பைட் வீதம் 36 எம்பி. 40 தனித்தனிக் காப்பி என்றால் 1,440 எம்பி. இத்தனையும் 50 மி.மீ. சதுரத்துக்கு! அந்த அளவுக்கு 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், தேவை 591 × 591 பிக்சல்தான். அச்சுக்கான நான்கு நிற சிஎம்ஒய்கேவில் பிக்சலுக்கு 4 பைட் போட்டாலும் சுமார் 1.4 எம்பி. நாற்பதுக்கும் சேர்த்து 56 எம்பி.

ஆகவே முதல் மருந்து, பலவாக்கும் முன் படத்தை அதன் கடைசி அளவுக்குக் குறைப்பது. கோரலில் பிட்மேப்ஸ் மெனுவில் ரீசாம்பிள், மற்றவர்கள் போட்டோஷாப்பில் இமேஜ் சைஸ். கோரலின் பவர்கிளிப் சட்டத்துக்குள் போட்டு ஓரங்களை மறைத்தால் படம் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சட்டத்துக்கு வெளியே போன பகுதி கண்ணுக்கு மறைகிறதே தவிர ஃபைலில் முழுசாக இருக்கும், 40 தடவையும் இருக்கும். கிராப் செய்து, ரீசாம்பிள் செய்து, அதற்குப் பிறகு பவர்கிளிப்பில் வையுங்கள்.

இரண்டாவது மருந்து, காப்பிக்குப் பதில் குளோன். இன்க்ஸ்கேப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஏனென்றால் எஸ்விஜி ஃபைல் வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்து பாருங்கள். எம்பெட் செய்த படம், அதாவது ஃபைலுக்குள்ளேயே சேர்த்த படம், அதில் நீளமான எழுத்துக் கோவையாக இருக்கும். 3 பைட்டுக்கு 4 எழுத்து வீதம் 3 எம்பி படம் 4 எம்பி எழுத்தாகிறது. கன்ட்ரோல் டி போட்டு 40 ஆக்கினால் அந்தக் கோவை 40 தடவை வரும், 160 எம்பி. ஆல்ட் டி போட்டுக் குளோன் ஆக்கினால் கோவை ஒரே தடவை, மற்ற 39-ம் "அதோ அங்கே இருப்பதை இங்கே காட்டு" என்ற ஒற்றை வரிதான். அதே ஷீட், அதே அச்சு, 4 எம்பி சொச்சம்.

இல்லஸ்ட்ரேட்டரில் படத்தை லிங்க் ஆக வைத்தால் 40 காப்பியும் டிஸ்கில் உள்ள ஒரே ஃபைலைப் பார்க்கும். சிம்பல் ஆக்குவதாக இருந்தால் படத்தை எம்பெட் செய்தாக வேண்டும், லிங்க் ஆன படத்தை அது சிம்பலாக ஏற்காது. சிம்பல் உருவாகவில்லை என்று வருகிறவர்களுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

"அண்ணே, போன் நம்பர்ல ஒரு எண்ணு மாறிப்போச்சு"

ஷீட் தயாராகி, பென் டிரைவில் ஏறுகிற நேரத்தில்தான் இந்த போன் வரும். 40 தனித்தனிக் காப்பி வைத்திருந்தால் இரண்டே வழி: ஒவ்வொன்றாகத் திருத்துவது, இல்லை எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போடுவது. முதல் வழியில் ஒன்றிரண்டு பழைய நம்பரோடு தப்பிப் போகும். அந்த லேபிள் ஒட்டிய பாக்கெட்டை வாங்கினவர் வேறு யாருக்கோ போன் போடுவார். சின்ன வியாபாரிக்கு அந்த நம்பர்தான் கடை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சிம்பலை விடமாட்டேன்.

கோரலில் லேபிளை குரூப் செய்து, சிம்பலாக மாற்றி, அதன் பிறகு ஸ்டெப் அண்ட் ரிப்பீட் செய்யுங்கள். சிம்பலைத் திறந்து நம்பரைத் திருத்தி முடித்தால் 40-ம் மாறிவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் சிம்பல் பேனலில் டபுள் கிளிக். இன்க்ஸ்கேப்பில் அசலின் எழுத்தைத் திருத்தினால் போதும். போட்டோஷாப்பில் லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிக் கன்ட்ரோல் ஜே போட்டுப் பெருக்குங்கள். ஒன்றை டபுள் கிளிக் செய்து திருத்தி, உள்ளே திறந்த ஃபைலை சேவ் செய்ததும் எல்லாம் மாறும்.

போட்டோஷாப்பில் ஒன்று மட்டும் மாறி மற்றவை அப்படியே நின்றால், காப்பி எடுத்தபோது நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வயா காப்பி என்ற மெனுவைத் தொட்டிருக்கிறீர்கள். அது தனி அசலை உண்டாக்கும். இன்க்ஸ்கேப்பில் மாறாவிட்டால் குளோனின் தொடர்பு அறுந்திருக்கும். ஷிஃப்ட் ஆல்ட் டி அதைத்தான் செய்கிறது. பிளாட்டருக்கு அனுப்ப அது தேவைப்படலாம், ஆனால் வேறு பெயரில் சேவ் செய்த ஃபைலில் செய்யுங்கள். குளோன் உள்ள ஃபைல் கடையில் பத்திரமாக இருக்கட்டும்.

பாஸ்போர்ட் போட்டோ பேட்டர்னில் முதல் முகம் பாதியாக வருகிறது

35 × 45 மி.மீ. போட்டோவை 4×6 அங்குலத் தாளில் 8 ஆக்க, ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பும் போட்டோஷாப்பின் பேட்டர்ன் அருமையான வழி, கணக்கு சரியாக இருந்தால். 300 டிபிஐயில் தாள் 1800 × 1200 பிக்சல், போட்டோ 413 × 531. போட்டோவின் கேன்வாஸை வெள்ளைப் பின்னணியோடு 450 × 600 ஆக்குங்கள். 1800-ல் 450 நான்கு முறை, 1200-ல் 600 இரண்டு முறை, மிச்சம் இல்லாமல் எட்டு. அந்த 450 × 600-ஐ டிஃபைன் பேட்டர்ன் செய்து, புதிய 4×6 ஃபைலில் எடிட் மெனுவின் ஃபில் வழியாக நிரப்பினால் ஒரு முகமும் வெட்டுப்படாது. வெட்டவும் நடுவில் குறுக்கே சுமார் 3, நெடுக்கே சுமார் 6 மி.மீ. இடம் கிடைக்கும்.

ஃபில்லுக்குப் பதில் பேட்டர்ன் லேயராகப் போட்டு முகம் பாதியாக வந்தால், பேட்டர்னை மவுஸ் தள்ளிவிட்டிருக்கும். அந்த லேயரின் பெட்டியைத் திறந்து ஸ்நாப் டு ஆரிஜின் அழுத்தினால் மூலைக்கு வந்துவிடும். முகம் சின்னதாகவோ பெரிதாகவோ வந்தால் புதிய ஃபைல் 300 டிபிஐயில் இல்லை. பேட்டர்ன் பிக்சலை மட்டும் பார்க்கும், அங்குலம் அதற்குத் தெரியாது. கிம்ப் வைத்திருப்பவர்கள் அதே 450 × 600 படத்தைத் திறந்து, ஃபில்டர்ஸ், மேப், டைல் போய் 1800 × 1200 கொடுத்தால் வேலை முடிந்தது.

லேபிள்களுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு

இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்த டிசைனை பிடிஎஃப்பில் பார்க்கும்போது வரும். பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு மயிரிழையாகவே நின்றால் அது திரை விளிம்புகளை மென்மையாக்குவதால் வருவது, அச்சில் அனேகமாக வராது. கோடும் சேர்ந்து தடித்தால் உண்மையான இடைவெளி. பிளீட் (விளிம்புக்கு வெளியே கூடுதலாக நீட்டிய பகுதி) விட்டு ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி வையுங்கள்.

படம் மங்கலாக அச்சாகிறது

காப்பி எடுப்பதால் படம் மங்காது. வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்ததை வாங்கினால் அது ஏற்கெனவே சுருங்கி வந்திருக்கும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோஷாப்பில் சாதாரண லேயரைச் சிறிதாக்கித் திரும்பப் பெரிதாக்கியிருந்தாலும் மங்கும். ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் இதற்கும் காவல்.

பிரஸ்ஸில் திறந்தால் படத்தைக் காணோம்

படங்கள் லிங்க் ஆக இருக்கும் டிசைன் ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஆண்டர்சன் தெருப் பக்கம் போனால் இப்படித்தான். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் பேக்கேஜ், கோரலில் கலெக்ட் ஃபார் அவுட்புட். படங்களும் ஒரே ஃபோல்டருக்கு வந்துவிடும். தமிழ் எழுத்துகளைக் கர்வ் ஆக்காமல், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றாமல், போகாதீர்கள். கோரலில் கன்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. பிரஸ் சிஸ்டத்தில் உங்கள் ஃபான்ட் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும்.

அதைவிட நல்லது, போகும் முன் ஒரு போன் போட்டு "செட்டிங் நீங்க போட்டுக்குறீங்களா, நான் போட்டுக் கொண்டாரணுமா" என்று கேட்பது. டிஜிட்டல் பிரஸ்ஸில் பலர் ஒரே ஒரு லேபிளை பிளீடோடு பிடிஎஃப்பாகக் கேட்பார்கள். ஷீட்டில் நிரப்புவதை அவர்கள் மெஷினின் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். கோரலின் பிரின்ட் பிரிவ்யூவிலும் இப்படி ஷீட்டில் நிரப்பும் இம்போசிஷன் வசதி இருக்கிறது. அப்போது காப்பியே எடுக்க வேண்டியதில்லை.

எல்லாம் ஒன்று, எண் மட்டும் வேறு

ஆடி மாதம் அம்மன் கோவில் கூழ் வார்க்கும் விழாவுக்கு நன்கொடை ரசீது அடிக்க வருவார்கள். இதற்குக் குளோன் உதவாது, எண் ஒவ்வொன்றிலும் மாற வேண்டும். பட்டியலில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக டிசைனுக்குள் போட்டுத்தரும் வசதி உண்டு: கோரலில் பிரின்ட் மெர்ஜ், இன்டிசைனில் டேட்டா மெர்ஜ். எண்களை எக்செல்லில் அடித்து சிஎஸ்வியாகக் கொடுக்க வேண்டும்.

எண்கள் வரிசையாக வராமல் கலைந்துபோகிறது என்று இதில் ஒரு புகார் வரும். ஒரு ஷீட்டில் நான்கு ரசீது, 1, 2, 3, 4 என்று அடுத்தடுத்து வைத்தால், கட்டை அப்படியே வெட்டியதும் முதல் அடுக்கில் 1, 5, 9 என்று வரும். பைண்டர் உட்கார்ந்து கையால் அடுக்க வேண்டும். 200 ரசீதுக்கு 50 ஷீட் என்றால் எக்செல்லில் நான்கு பத்தி போடுங்கள், ஷீட்டில் உள்ள ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு பத்தி. முதல் பத்தியில் 1 முதல் 50, இரண்டாவதில் 51 முதல் 100, மூன்றாவதில் 101 முதல் 150, நான்காவதில் 151 முதல் 200. முதல் ஷீட்டில் 1, 51, 101, 151 வரும். வெட்டினால் நான்கு அடுக்கும் தனித்தனியே வரிசையாக இருக்கும். அப்படியே பின் அடித்து நான்கு புத்தகமாகக் கொடுத்துவிடலாம்.